ஏசித் தண்ணி

பெரியேரிப்பாக்கத்தில் வேகத்தடை போட யாரும் அரசாங்கத்தின் தயவை எதிர்பார்ப்பதில்லை. ஒரு ஆடு அடிபட்டால் போதும், அன்றைக்குச் சாயங்காலமே ஜல்லியும் சிமெண்டும் வந்து இறங்கிவிடும். இன்ன உயரம், இன்ன அகலம் என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கு இருக்கிற கோபம்தான் அளவு. இப்படியே திருக்கழுக்குன்றம் ரோட்டிலிருந்து ஊருக்குள் வந்து சேர்வதற்குள் ஏகப்பட்ட மேடுகள். நடுவில் ஏரிக் கலங்கல் வேறு. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் தண்ணீர் ரோட்டின் மேலேயே புரண்டு ஓடும். வடிந்த பிறகு பார்த்தால் தார் போயிருக்கும், ஜல்லி மட்டும் பல்லை இளித்துக்கொண்டு கிடக்கும்.

இந்த ரோட்டைத் துரையைவிட நன்றாகத் தெரிந்தவர் ஊரில் யாரும் இல்லை. அவனிடம் ஒரு குட்டியானை இருந்தது. நிஜ யானை இல்லை, சின்ன லோடு வண்டி. காலையில் தண்ணீர் கேன், மத்தியானம் காய்கறி, சாயங்காலம் எது கிடைக்கிறதோ அது. ஆனால் அவன் மார்தட்டிக்கொண்டது இதற்காக அல்ல. ஊரில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யார் வீட்டில் பெண் பார்க்கப் போனாலும், 'துரையக் கூப்புடு' என்பதுதான் முதல் வார்த்தை. அந்த வார்த்தைக்காகச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவான். போகும்போது சலித்துக்கொள்வான், அது சும்மா.

தம்பி தமிழ்வாணன் கல்பாக்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் சூப்பர்வைசர், அவன் பெண்டாட்டி பூங்கொடி. அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒட்டி ஒட்டி, நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் கருவாடு வறுத்தால் அந்தப் பக்கம் சோறு இறங்கும். அப்படிப்பட்ட சுவருக்கு அந்தப் பக்கத்தில்தான் கார் வாங்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்வாணன் போனில் இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் வந்தான். துரை அப்போது வண்டிக்கு வாட்டர் சர்வீஸ் பண்ணிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வண்டி பாத்து வச்சிகீறேன்ணா. ஒண்ணு இது, டிக்கி வச்சது. இன்னொண்ணு இது, ஜீப்பு கணக்கா ஒசரமா கீது. வெல ரெண்டும் ஏறக்கொறைய ஒண்ணுதான். பூங்கொடிக்கு ஒசரமானதுதான் புடிச்சிகீது. நீ இன்னா சொல்ற?"

துரை ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தான். அந்த உயரமான வண்டியைத் தன் குட்டியானைக்குப் பக்கத்தில் மனசுக்குள் நிறுத்திப் பார்த்தான். வயிற்றில் சுருக்கென்றது. தினமும் காலையில் கதவைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஊரில் யாருக்கு வலி வந்தாலும் இனி யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

"இதுல ஏற்றதுக்கே ஏணி வேணும்டா. பொம்பளைங்க பொடவ கட்டிகினு எப்பிடி ஏறுவாங்க? ஃபேமிலின்னா டிக்கி வச்சதுதான். பாக்கவும் ஆபீசர் வண்டி மாரி இருக்கும்."

"நம்ம ரோட்டுக்கு?"

"ரோட்டுக்கு இன்னா கொறச்சல்? நான் ஓட்டல?"

குட்டியானையின் அடிவயிற்றுக்குக் கீழே கோழி ஓடும், ஆடு படுக்கும். படத்தில் இருந்த அந்தக் காருக்குக் கீழே பூனை நுழைவதே கஷ்டம். இது துரைக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னான். தம்பி தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

முன்பணம் கட்டிய வாரத்தில்தான் தெருக்கோடி சரோஜாவின் வெள்ளாட்டை ஒரு டிப்பர் லாரி அடித்துவிட்டது. பிள்ளையார் கோயில் திருப்பத்தில் உடனே மேடு போட ஆரம்பித்தார்கள். சிமெண்டு மூட்டையை ஏற்றி வந்தது துரையின் வண்டி. பையன்கள் போட்டு முடித்துத் தேய்க்கப் போனபோது, "இன்னும் ரெண்டு சட்டி போடுங்கடா. டிப்பர்காரன் மண்டைய இடிச்சிக்கணும்" என்றான் துரை. போட்டார்கள். டிப்பர்காரனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவன் பாட்டுக்கு ஏறி இறங்கிப் போனான்.

கார் வந்தது. நீல நிறம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, எல்லோரும் ஏறிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார்கள். பிள்ளையார் கோயில் மேட்டில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. அப்புறம் 'கர்ரக்' என்று ஒரு சத்தம். தகரத்தை அம்மியில் வைத்துத் தேய்த்த மாதிரி. தெருவே பல்லைக் கடித்துக்கொண்டது. வாசலில் நின்று பார்த்த துரைக்கு மட்டும் நெஞ்சில் இளநீர் இறங்கியது.

அதிலிருந்து அந்தக் காருக்கு ஒரு சடங்கு ஏற்பட்டுவிட்டது. மேடு வந்தால் ஆட்கள் இறங்கி நடக்க வேண்டும். காலிக் கார் குறுக்கே சாய்ந்து ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். அப்புறம் எல்லோரும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். அதில் யார் இறங்குவது என்பதுதான் தகராறு. ஒருநாள் திருக்கழுக்குன்றத்துக்குத் துணி எடுக்க ஓரகத்தியோடு போய்விட்டு வந்த விஜயகுமாரி, துரையின் பெண்டாட்டி, பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஆரம்பித்தாள்.

"மேட்டுக்கு மேடு என்னத்தான் எறங்கச் சொல்றா. 'யக்கா, நீ மட்டும் கொஞ்சம் எறங்கிக்கயேன்'ன்றா. அவ முன் சீட்ல குந்திகினு மூஞ்சிக்கு ஏசி காத்து வாங்கினு வர்றா. நான் வெயில்ல வண்டி பின்னாடியே நடந்து வர்றேன். பாக்கறவன் இன்னா நெனப்பான்? வேலக்காரின்னுதான் நெனப்பான்."

"நீ இன்னாத்துக்கு எறங்கின?"

"எறங்கலன்னா இடிக்கிதே! நான் கொஞ்சம் பூசனாப்பல கீறேன், அதுக்கு இன்னா பண்றது?" முந்தானையால் கழுத்தைத் துடைத்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஏன்யா, ஒசரமான வண்டியவே வாங்கச் சொல்லியிருந்தா இந்த பேஜாரு இல்லல்ல?"

"எனக்கின்னா தெரியும்?"

"ஒனக்கா தெரியாது?"

துரை நெத்திலிக் குழம்பில் சோற்றைப் பிசைந்தபடி நிமிரவில்லை. விஜயகுமாரி அவனையே பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா?" என்றாள். பொறாமையில் ஒன்றுபட்ட புருஷன் பெண்டாட்டிக்கு அன்று சாப்பாடு ருசித்தது.

தை பிறந்ததும் தங்கச்சி வேண்டாவின் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டாளே என்று வைத்த பெயர் வேண்டா. மூத்த பெண்கள் இரண்டு பேரும் சின்ன வயதிலேயே செத்துப் போய்விட்டார்கள், மூவரில் இப்போது இருப்பது இவள் ஒருத்திதான். மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, வெகுநாள் கழித்துப் பிறந்த ஆண் பிள்ளை. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் இரண்டு பேர், மடி ஒன்றுதான் வேண்டும். மூத்தவன் இருக்கும்போது அது மூத்தவன் மடிதான் என்பதில் துரைக்குச் சந்தேகமே வந்ததில்லை. புது வேட்டியும் எடுத்து வைத்துவிட்டான்.

அப்போதுதான் வேண்டா போன் பண்ணினாள்.

"பெர்யண்ணா, நீ கோச்சிக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"சின்னண்ணா கம்மல் செஞ்சி எடுத்துனு வருது. கார்ல வேற வருது. இவரு வூட்டு ஆளுங்க சின்ன மாமன் மடியிலயே குந்த வச்சிர்லாம்னு பேசிட்டாங்கண்ணா. நான் புதுசா வாழ வந்தவ மாரி அவுங்க பேச்ச மீற முடியல. நீ நம்ம ஊர் ஆளுங்கள எல்லாம் வண்டில ஏத்தினு வந்துடு, இன்னா? நீ வந்தாதான் எனக்குத் தெம்பு."

"செரிம்மா" என்றான். போனை வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தான். அவனுக்கு அழுகைகூட வந்தது. அழவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும். அந்தக் கார் மேல் வந்த எரிச்சல் இப்போது தம்பி மேலேயே திரும்பியது. ஒரே வயிற்றில் பிறந்தவனை இப்படி வெறுக்க முடியுமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

காதுகுத்து அன்று காலையில் பூங்கொடி ஒரே பிடியாக நின்றாள். "சீர்த்தட்டு, பித்தள அண்டா, அரிசி மூட்ட, எல்லாம் கார்லயே வரட்டும். தாய்மாமன் சீரு கார்லேர்ந்து எறங்குனாதான் மரியாத. குட்டியானையில ஆளுங்க மட்டும் வரட்டும் மாமா" என்று துரையிடமே சொன்னாள். துரை சரி என்று தலையை ஆட்டினான். டிக்கி மூடவில்லை. இரண்டு பேர் அழுத்தி மூடினார்கள். காரின் பின்பக்கம் தரையைத் தொட்டுவிடும் போல உட்கார்ந்தது.

பிள்ளையார் கோயில் மேட்டில் வழக்கம்போல ஆட்கள் இறங்கினார்கள். பூங்கொடியும் இறங்கினாள், விஜயகுமாரியும் இறங்கினாள், சின்னப் பிள்ளைகளும் இறங்கினார்கள். ஆனால் டிக்கியில் இருந்த சீர் இறங்கவில்லை. நேரமாகிறது என்ற பதற்றத்தில் தமிழ்வாணன் கொஞ்சம் வேகமாக ஏற்றிவிட்டான். வண்டி தொப்பென்று மேட்டின் மேல் உட்கார்ந்து, அப்புறம்தான் கடந்தது. இந்தத் தடவை 'கர்ரக்' இல்லை. 'டம்' என்று உள்ளுக்குள் எதுவோ உடைகிற சத்தம். "ஒண்ணும் இல்ல, ஏறுங்க ஏறுங்க" என்றான் தமிழ்வாணன்.

கார் முன்னால் போனது, குட்டியானை பின்னால் போனது. துரைக்குப் பக்கத்தில் சம்பத் சித்தப்பா. பின்னால் கூரை இல்லாத வண்டியில் சொந்தக்காரர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூச்சலும் சிரிப்புமாக வந்தார்கள். பனி விலகி, அறுப்புக்கு நின்ற வயல்களின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கலங்கல் தாண்டியதும் ரோட்டில் துரை அதைப் பார்த்தான். தாரை விடக் கருப்பாக, சொட்டுச் சொட்டாக ஒரு கோடு. தம்பியின் கார் போகிற வழியெல்லாம் அது நீண்டுகொண்டே போனது.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்பு உடைந்திருக்கிறது. இரண்டு தடவை ஹாரன் அடித்தால் போதும், தம்பி நிறுத்திவிடுவான். அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்தால் சம்புவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். துரையின் கட்டைவிரல் ஹாரனுக்குப் போனது.

"துரை, ரோட்ல இன்னாடா அது கோடு கோடா?" என்றார் சித்தப்பா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "தம்பி வண்டிலேர்ந்து இன்னாவோ ஒழுவுதே."

கட்டைவிரல் அப்படியே நின்றது. ஒரு மடி அவன் கண்ணுக்குள் வந்தது. தம்பியின் மடி, அதில் வேண்டாவின் பிள்ளை.

"ஏசித் தண்ணி சித்தப்பா. ஏசி போட்டா கீழ அப்பிடித்தான் ஒழுவும்."

"அப்பிடியா? எனக்கின்னாடா தெரியும், நான் கார கண்டனா மாட்ட கண்டனா" என்று அவர் வெற்றிலையை எடுத்து மடித்தார்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரம் ரோட்டில் புளியமரங்கள் வருகிற இடத்தில் கார் புகை விட்டது. கொஞ்ச தூரம் இழுத்து இழுத்துப் போய் நின்றுவிட்டது. தமிழ்வாணன் இறங்கி, பட்டுச் சட்டையோடு ரோட்டில் மல்லாந்து படுத்து, கையை உள்ளே விட்டான். வெளியே வந்த கை முழங்கை வரைக்கும் கருப்பு. பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள்.

சம்பத் சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகக் கேட்டார். "ஏன்டா துரை, ஏசித் தண்ணின்னியே?"

துரை தோள்துண்டால் ஸ்டியரிங்கைத் துடைத்தான். விஜயகுமாரி அவனைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"பின்னாடிலேர்ந்து பாத்தா அப்பிடித்தான் தெரியும் சித்தப்பா" என்றான் தமிழ்வாணன், சட்டையில் கையைத் துடைத்தபடி. "எனக்கே தெர்ல. செவப்பு லைட்டு எரிஞ்சிது. இன்னா லைட்டோ, மொதல்ல போய்ச் சேருவோம்னு வந்துகினே இருந்தேன். தப்பு என்னுது."

சீர் எல்லாம் குட்டியானைக்கு மாறியது. அண்டா, அரிசி, தட்டுகள், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூங்கொடி. விஜயகுமாரி அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். காருக்குக் காவலாக ஒரு பங்காளி நின்றுகொண்டான். சித்தப்பா பின்னால் போய்விட, தமிழ்வாணன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். துரை எதற்கு ஆசைப்பட்டானோ அது அப்படியே நடந்துவிட்டது. முன்னால் போவது அவன் வண்டி. சீர் இறங்கப் போவது அவன் வண்டியிலிருந்து. சந்தோஷம் வரவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு தெரியுமாண்ணா?" என்றான் தமிழ்வாணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "ஷோரூம் பையன் அன்னைக்கே சொன்னான். 'எந்த ஊர் சார் நீங்க? அந்த ரோட்டுக்கு இந்த வண்டி வேணாம், கிரௌண்ட் கிளியரன்ஸ் பத்தாது, அடி தட்டும்'னான். பூங்கொடிகூட அதையே புடிச்சினு சண்ட போட்டா. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? 'எங்கண்ணன் அந்த ரோட்ல எத்தினி வருசமா வண்டி ஓட்டுது. அதுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிடப் போவுது, போடுறா பில்ல'ன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை. குத்திக்காட்டியிருந்தால் துரை தப்பித்திருப்பான், பதிலுக்குச் சண்டை போட்டிருப்பான்.

"நான் சொன்னது தப்புதான்டா" என்றான். அவ்வளவுதான் வாயில் வந்தது.

"நீ இன்னாண்ணா பண்ணுவ? ரோடு அப்பிடி கீது. எந்த நாதாரி அந்த மேட்ட அம்மாம் ஒசரத்துக்குப் போட்டானோ."

துரை கியரை மாற்றினான்.

வேண்டாவின் வீடு பட்டறைத் தெருவில். பாதி செதுக்கிய பிள்ளையார்களும் நந்திகளும் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க, அன்றைக்கு மட்டும் கல் அறுக்கிற மிஷின் சத்தம் இல்லை. ஷாமியானா காற்றில் படபடத்தது. ஓடி வந்த வேண்டா தமிழ்வாணனின் கையையும் சட்டையையும் பார்த்துவிட்டு, "ஐயோ சின்னண்ணா, இன்னா இது கோலம்?" என்றாள். அவள் மாமனார் முகத்தைச் சுளித்தார். ஆயில் கறையோடு மணையில் உட்கார வைக்க அவருக்கு மனமில்லை. "பெரிய மாமன் இருக்காரே, அவர் மடியிலயே ஆவட்டும், நேரமாவுது" என்றார்.

துரை சம்மணம் போட்டு உட்கார்ந்தான். புது வேட்டி மொடமொடத்தது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு பிள்ளையை மடியில் வைத்தார்கள். அது அவன் மோதிர விரலைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. தமிழ்வாணன் கைபடாமல் பெட்டியோடு கம்மலை நீட்டினான். "நீ போடுண்ணா" என்றான். ஆசாரி ஊசியை வைத்தார். பிள்ளை வீறிட்டது. மாமன் மடியே ஈரமாகிவிட்டது. எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். துரைக்கு எழுந்து எங்கேயாவது போய்விட வேண்டும் போல இருந்தது. மடியில் பிள்ளை இருக்கிறதே, எப்படி எழுந்திருப்பான்?

கறிச்சோற்றுப் பந்தியில் உட்கார்ந்தபோது காரைப் பார்க்க வரச் சொல்லியிருந்த மெக்கானிக் ஏசுபாதத்திடமிருந்து போன் வந்தது. தமிழ்வாணன் கேட்டுவிட்டு அண்ணனிடம் சொன்னான். "எஞ்சின் இறுகிப் புடிச்சிகிச்சாம்ணா. ஒழுவ ஆரம்பிச்சப்பவே ஆஃப் பண்ணியிருந்தா சம்போட போயிருக்கும்ன்றாரு." இலையில் எலும்பை ஓரமாக ஒதுக்கினான். "சாப்டுண்ணா. நீ இன்னாத்துக்கு வெறுமன குந்திகினு கீற?"

எஞ்சின் வேலை முடிந்து கார் வீட்டுக்கு வரப் பங்குனி ஆகிவிட்டது. வந்ததும் விற்றுவிடுவது என்று முடிவு பண்ணினார்கள். தமிழ்வாணன் மறுபடி சுவருக்கு இந்தப் பக்கம் வந்தான்.

"இந்த வாட்டி நீயும் கூட வாண்ணா. போன வாட்டி போன்ல படத்த காட்டிக் கேட்டேன் பாரு, அதான் நான் பண்ண தப்பு. படத்துல பாத்து நீ இன்னாத்த சொல்லுவ? நேர்ல பாத்துச் சொல்லு. நீ எத சொல்றியோ அதான்."

"நான் வேணாம்டா. பூங்கொடிய கூட்டினு போ."

"அவதான்ணா சொன்னா, மாமாவ கூட்டினு போன்னு."

செங்கல்பட்டு ஷோரூமில் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. செருப்பை வெளியே விட வேண்டுமோ என்று துரை தயங்கினான். சரவணகுமார் என்ற பையன் அந்த உயரமான வண்டியின் கதவைத் திறந்து, "உக்காந்து பாருங்க சார்" என்றான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்ததும் துரைக்குக் கண்ணாடி வழியாக ஜிஎஸ்டி ரோடு தெரிந்தது. குட்டியானையில் உட்கார்ந்து பார்க்கிற ரோடு இல்லை இது. எல்லா வண்டியும் கீழே, சின்னதாகப் போனது. சீட்டின் வாசனையும் ஏசியின் குளிரும் முகத்தில் பட்டன. இவ்வளவு நடந்த பிறகும், எல்லாவற்றுக்கும் நடுவில், பழைய அந்தச் சுருக் வந்தது. இது தனக்கில்லை, தம்பிக்கு. நாளைக்கு ஊரில் ஒரு வலி வந்தால் இதைத்தான் கூப்பிடுவார்கள். அவன் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் வந்தது வந்ததுதான்.

"எப்பிடிண்ணா கீது?" கதவோரம் நின்று தம்பி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லிவிட முடியும். சீட்டு சரியில்லை, ஸ்டியரிங் கனம், ஏதாவது ஒன்று. சொன்னால் வாங்கமாட்டான்.

"இத வாங்குடா" என்றான் துரை. "இரு, அடியில பாத்துட்றேன்."

"சார், நம்பர் நான் சொல்றேன் சார், கிரௌண்ட் கிளியரன்ஸ்..." என்று சரவணகுமார் ஆரம்பிப்பதற்குள் துரை இறங்கி, வெள்ளை வேட்டியோடு அந்தப் பளபளத்த தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டான். சேல்ஸ் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தரையில் கையை ஊன்றிச் சாண் போட்டான். தாராளமாக இருந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பலாம், கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம், அவ்வளவு இடம்.

தமிழ்வாணன் குனிந்தான். "போதுமாண்ணா ஒசரம்?"

"போதும்டா. ரொம்பப் போதும்."

தம்பி கையை நீட்டினான். "அப்ப எழுந்து வா. தரையெல்லாம் சில்லுனு கீது."

"இருடா, இன்னொரு வாட்டி பாத்துட்றேன்" என்றான் துரை. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. தம்பி நீட்டிய கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.